காதா, காலா, கையா: ஜோடி நடனத்தில் இசை ஒட்டாதபோது எங்கே பார்ப்பது

“உங்கள் ஆட்டத்தில் மியூசிகாலிட்டி குறைவு” என்று, அதாவது ஆட்டம் இசையோடு ஒட்டவில்லை என்று, சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் அடுத்த ஜோடியைக் கவனிக்கப் போய்விடுவார். “உடம்பு சரியில்லை” என்பதைப் போன்ற பேச்சுதான் இது. எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் என்ன மருந்து சாப்பிடுவது? கேட்டவரும் வீட்டுக்குப் போய் நிறையப் பாட்டுக் கேட்பார், புதிதாக நாலு பேட்டர்ன் (ஸ்டெப் கோவை) கற்றுக்கொள்வார். பெரிதாக ஒன்றும் மாறாது. இசையோடு ஒட்டாத ஆட்டங்களில் பெரும்பாலும் காது நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு காலில் இருக்கும், இல்லையென்றால் ஜோடியைப் பிடித்திருக்கிற கையில் இருக்கும்.

அதனால் முதல் வேலை, கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்ப்பது. மூன்று சோதனை போதும்.

காதுக்கு. உட்கார்ந்துகொண்டு, அதிகம் பழகாத ஒரு பாட்டைப் போட்டு, பீட்டுகளை, அதாவது தாள அடிகளை, எட்டெட்டாக எண்ணி, எட்டு பீட்டுக்கு ஒரு முறை, ‘ஒன்று’ வரும்போது மட்டும் கைதட்டுங்கள். பிடிபட்டதும் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, மனதுக்குள் எண்ணியபடியே இரண்டு எட்டு தட்டிவிட்டு, மறுபடி ஒலியை ஏற்றுங்கள். பாட்டும் உங்கள் கையும் ஒரே இடத்தில் இருந்தால் காதில் குறை இல்லை.

காலுக்கு. அதே பாட்டுக்குத் தனியாக, அடிப்படை ஸ்டெப் மட்டும், இரண்டு நிமிடம் ஆடுங்கள். செல்பேசியைத் தரையில் சாய்த்து வைத்துப் பாதங்களை மட்டும் படமெடுத்து, பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். பாதம் தரையைத் தொடுகிற நொடி இங்கே முக்கியமில்லை. எடை முழுவதும் அந்தக் காலுக்கு வந்து, மற்ற கால் கிளம்பத் தயாராகிற நொடி பீட்டில் விழுகிறதா என்று பாருங்கள். அறையில் ஒலித்த பாட்டே படத்தில் பதிவாகியிருக்க வேண்டும். எடிட்டிங்கில் பாட்டைச் சேர்த்து ஒட்டினால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

கைக்கு. ஜோடியோடு, டர்ன் (சுற்று) எதுவும் இல்லாமல் ஒரு பாட்டு முழுக்க அடிப்படை ஸ்டெப். பிறகு அதே பாட்டுக்கு ஒரே ஒரு டர்னைச் சேர்த்து ஆடிப் பாருங்கள்.

முதலில் எதில் பிசகுகிறதோ அங்கேயே நில்லுங்கள். கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதை மட்டும் படித்தால் போதும்.

## ‘ஒன்று’ எங்கே என்றே தெரியவில்லை

சல்சா ஆடுபவர்களிடம் இந்தப் புகார் அதிகம், காரணமும் உண்டு. பாப் பாட்டுகளில் ‘ஒன்று’ வரும்போது பெரும்பாலும் டிரம்மும் கனத்த கீழ்ச் சுரம் வாசிக்கும் பேஸும் சேர்ந்து அடித்துச் சொல்லிவிடும். அதற்குப் பழகிய காது சல்சாவிலும் பேஸைத்தான் தேடுகிறது. சல்சா பேஸோ வழக்கமாக ‘ஒன்றை’த் தொடாமல் தாவிவிடும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு சுரம், நான்கில் ஒரு சுரம். நான்கில் விழுகிற அந்தச் சுரம் அடுத்த ‘ஒன்றை’யும் விழுங்கிக்கொண்டு நீளும். அதையே ‘ஒன்று’ என்று நம்பிக் கிளம்பினால் பாட்டு முழுக்க ஒரு பீட் முந்தி ஆடிக்கொண்டிருப்பீர்கள்.

பேஸை விடுங்கள், கையால் அடிக்கும் உயரமான முரசான காங்காவைக் கேளுங்கள். அதன் வழக்கமான நடையில் இரண்டில் சுரீரென்று ஓர் அடி, நான்கிலும் அதற்கடுத்த அரைப் பீட்டிலும் இரண்டு திறந்த அடிகள்: ‘டக்… தும்-தும்’. அந்தத் ‘தும்-தும்’ முடிந்த கையோடு வருவது ஒன்று அல்லது ஐந்து. பாட்டு சூடுபிடித்து, பாடகரும் கோரஸும் மாறி மாறிப் பாடுகிற மோன்டுனோ பகுதியில் பெரிய மணி ஒன்று சேர்ந்துகொள்ளும். அதன் கனத்த அடிகள் 1, 3, 5, 7-இல் விழும். வழி தவறியவர்கள் திரும்ப வந்து சேர அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒன்றையும் ஐந்தையும் மாற்றி எடுத்துவிட்டீர்கள் என்று பாதியில் உறைத்தால் உடனே நிறுத்தித் திருத்தாதீர்கள். உங்களைத் தவிர யாருக்கும் அது தெரிந்திருக்காது. திடீரென்று நின்றால்தான் ஜோடி தடுமாறுவார். பாட்டில் அடுத்த பகுதி தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால் நான்கு பீட் இடத்திலேயே அசைந்து கழித்துவிட்டு, சரியான ‘ஒன்றில்’ எடுத்துக்கொள்ளுங்கள்.

பச்சாட்டாவில் பாடல் வரிகள் வருகிற பகுதியில் போங்கோ என்ற சிறு இரட்டை முரசு நான்காவது பீட்டைக் கொஞ்சம் அழுத்திக் காட்டும். ஆட்டத்தில் காலால் தட்டுவதும் அங்கேதான் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். வால்ட்ஸில் தேடவே வேண்டாம், மூன்றில் முதலாவது தானே கனமாக வந்து விழும். வியன்னா வாசிப்பில் மட்டும் இரண்டாவது பீட் ஒரு மயிரிழை முன்னால் வரும். சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமோடு பழகிய காலுக்கு அது இடறும். தவறு உங்களுடையது இல்லை.

## தொடக்கத்தில் சரி, டர்ன் முடிந்ததும் தாளம் போய்விடுகிறது

டர்ன் ஆடும்போது வாய்விட்டு எண்ணுங்கள். “ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து…” என்று (சல்சாவில் நான்கிலும் எட்டிலும் ஸ்டெப் இல்லை) போய் எந்த எண்ணில் குரல் நிற்கிறதோ, கோளாறு அங்கேதான். ஆறில் குரல் நின்றால் ஆறாவது ஸ்டெப்பில் உடம்பு சமநிலை தேடிக்கொண்டிருக்கிறது, எண்ண நேரமில்லை. இசையைப் பற்றிய கவலையை மூட்டை கட்டி வைத்துவிட்டு அந்த ஒரு ஸ்டெப்பைச் சரிசெய்யுங்கள்.

பெரும்பாலோருக்கு மருந்து ஒன்றுதான்: ஸ்டெப்பைச் சின்னதாக்குங்கள். சல்சா பாட்டுகள் பொதுவாக நிமிடத்துக்கு 160 முதல் 220 பீட் வரை ஓடும். 180 என்று வைத்தால் ஒரு பீட்டுக்குக் கிடைப்பது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் காலை நீட்டி வைத்து, எடையை மாற்றி, அடுத்த காலையும் கிளப்ப வேண்டும். ஸ்டெப்பின் நீளத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். அன்றைக்கே வித்தியாசம் தெரியும். மேடை வீடியோக்களில் நீளமாக வைக்கிறார்களே என்று கேட்காதீர்கள், அவர்களுக்கு இடுப்பும் தொடையும் வேறு.

## இசையை முந்தி ஓடுகிறேன்

முந்துகிறவர்கள் எங்கே முந்துகிறார்கள் என்று பார்த்தால், ஸ்டெப் வைக்காத பீட்டுகளில்தான். சல்சாவில் நான்கும் எட்டும், பால்ரூம் ரும்பாவில் ‘ஒன்று’. அங்கே கால் சும்மா இருக்கிறதே என்று உடம்புக்குப் பதற்றம். சீக்கிரம் அடுத்ததை வைத்துவிடுகிறது.

அந்த இடத்தை ‘நிற்பது’ என்று வைத்துக்கொண்டால் நிலைக்காது. அதற்கு ஒரு வேலை கொடுங்கள். மூன்றில் வைத்த காலில் எடை முழுதாக இறங்குவதற்கே நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற கால் தரையை உரசியபடி மெதுவாக வந்து சேரட்டும். ரும்பாவிலும் அப்படித்தான், நான்கில் வைத்த காலின் மேல் இடுப்பு வந்து அமர்வதற்குத்தான் அந்த ‘ஒன்று’.

வேகமான பாட்டில் பழகினால் இந்தப் பழக்கம் போகாது, மெதுவான பாட்டு வேண்டும். ரும்பா நிமிடத்துக்குச் சுமார் 25 முதல் 27 பார் (நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார்) வரைதான், அதாவது நூறு பீட்டை ஒட்டி. முந்துவது அங்கே அப்பட்டமாகத் தெரியும். காதுக்குச் சொன்ன ஒலிகுறைப்புச் சோதனையை ஆடிக்கொண்டே செய்யுங்கள். யாராவது ஒருவர் ஒலியைக் குறைத்து, இரண்டு எட்டு கழித்து ஏற்றட்டும். நீங்கள் எவ்வளவு முன்னால் போயிருக்கிறீர்கள் என்று அந்த இடத்திலேயே பிடிபடும்.

பின்தங்குவது அரிது. இருந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றே. பீட்டைக் கேட்ட பிறகு காலை எடுக்கிறீர்கள். கைதட்டும்போது அப்படிக் காத்திருப்பதில்லை அல்லவா? பீட்டில் கை சேர வேண்டுமென்றால் அதற்கு முன்பே கை கிளம்பிவிடுகிறது. காலுக்கும் அதே.

## தனியாக ஆடினால் சரி, ஜோடியோடு தப்புகிறது

கோளாறு கையில் இருக்கிறது. சங்கடம் என்னவென்றால் அதைக் கண்டுபிடிக்காமல் இரண்டு பேரும் ஒருவர் காதை ஒருவர் சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள்.

லீட் செய்பவருக்கு, அதாவது ஆட்டத்தை நடத்திச் செல்பவருக்கு, முதலில். ‘ஒன்றில்’ ஆடும் சல்சாவின் எளிய வலது டர்னை எடுத்துக்கொள்வோம். ஃபாலோ செய்பவர், அதாவது உங்களைத் தொடர்ந்து ஆடுபவர், 5, 6, 7-இல் சுற்ற வேண்டும். அதற்கு உங்கள் கை மூன்றிலேயே உயரத் தொடங்கி நான்கில் தலைக்கு மேலே தயாராக இருக்க வேண்டும். ஐந்தில் கையைத் தூக்கினால் உங்கள் கணக்கில் அது தாளத்தோடுதான். ஆனால் செய்தி அவர் தோளுக்குப் போய், தோளிலிருந்து காலுக்குப் போவதற்குள் ஐந்து கடந்துவிட்டது. அவர் ஆறில் சுற்றத் தொடங்கி, எட்டில் முடித்து, அடுத்த ‘ஒன்று’க்கு அரக்கப்பரக்க வருவார். வெளியிலிருந்து பார்த்தால் அவர் தாளம் தப்பியதாகத் தெரியும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: ஐந்தாவது பீட்டில் உங்கள் கை எங்கே இருக்கிறது? தோள் மட்டத்தில் இருந்தால் தப்பு உங்களுடையது.

லீட் என்பது பீட்டில் கொடுப்பதில்லை, பீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கொடுப்பது. எவ்வளவு முன்னால் என்பது ஜோடிக்கு ஜோடி மாறும். உயரமானவருக்கும், கை தளர்வாக இருப்பவருக்கும் செய்தி போய்ச்சேர இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். முதல் பாட்டின் முதல் நிமிடத்தை இதைக் கண்டுபிடிக்கவே செலவிடலாம். டாங்கோ ஆடுபவர்கள் அணைத்து நின்றபடி முதல் ஸ்டெப்புக்கு முன்னால் எடையை இப்படியும் அப்படியும் மெல்ல மாற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் காலில் இருக்கிறோம், எந்த வேகம் என்று இரண்டு பேரும் பேசாமல் பேசி முடிப்பது அப்போதுதான். மற்ற நடனங்களுக்கும் இது கடன் வாங்கத் தகுந்த பழக்கம்.

ஃபாலோ செய்பவருக்கு வேறு சோதனை. பிடியை விரல் நுனி அளவுக்குத் தளர்த்திக்கொண்டு அடிப்படை ஸ்டெப் ஆடுங்கள். தாளம் சரியாகிவிட்டதா? அப்படியென்றால் இதுவரை உங்கள் எடையில் கொஞ்சம் அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது, அல்லது அவர் உங்களை இழுத்துக்கொண்டிருந்தார். இன்னும் மோசமானால் இழுவை நீங்கிவிட்டது, ஆனால் முன்கூட்டியே ஊகித்துப் போகும் பழக்கம் வெளியே வந்துவிட்டது. வகுப்பில் ஒரே பேட்டர்னைத் திரும்பத் திரும்பச் செய்தவர்களுக்கு இது வருவது சகஜம். லீட் செய்பவரிடம் வரிசையை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். நடுநடுவே எதுவும் கொடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். அந்த வெற்றிடங்களில் அடிப்படை ஸ்டெப்பிலேயே உங்களால் இருக்க முடிகிறதா என்று பாருங்கள்.

யார் தாளம் சரி என்ற சண்டை தளத்தில் வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து தப்பாக ஆடினால் அடுத்த எட்டில் திருத்திவிடலாம். ஆளுக்கொரு பக்கம் சரியாக ஆடினால் முழங்கால்தான் இடித்துக்கொள்ளும்.

## தாளம் பிசகவில்லை, ஆனாலும் எல்லாப் பாட்டுக்கும் ஒரே ஆட்டம்

இப்போதுதான் காதுக்கு வேலை. நீங்கள் பீட்டை மட்டும் கேட்கிறீர்கள், பாட்டைக் கேட்கவில்லை.

பச்சாட்டாவில் இதைப் பழகுவது எளிது, ஏனென்றால் பாட்டே மூன்று முகம் காட்டும். வரிகள் பாடுகிறபோது வருகிற நடைக்கு தெரேச்சோ என்று பெயர். கோரஸில் போங்கோவும், சுரண்டி வாசிக்கும் குயிராவும் சேர்ந்து அடர்த்தியாக, நேராக அடிக்கிற நடை மஹாவோ. கிட்டார் தனியாகத் துள்ளி ஓடுகிற பகுதி மாம்போ. மூன்று இடத்துக்கும் மூன்று ஸ்டெப் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டை ஆடிப் பாருங்கள்: முதலில் பக்கவாட்டு அடிப்படை, கோரஸில் முன்னும் பின்னும், கிட்டார் வந்ததும் பிடியைத் திறந்து கால் விளையாட்டு. புதிய பேட்டர்ன் எதுவும் இல்லை. இருந்தாலும் பார்ப்பவர் பாட்டு மாறியதை உங்கள் உடம்பில் பார்ப்பார்.

சல்சாவில் இதே வேலையைப் பாடல் பகுதிக்கும் மோன்டுனோவுக்கும் நடுவில் செய்யலாம். பலர் முதல் நிமிடத்திலேயே தங்களிடம் உள்ள எல்லா டர்னையும் இறைத்துவிட்டு, பாட்டு கொதிக்கத் தொடங்கும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பார்கள். தொடக்கத்தை அடக்கி ஆடுங்கள்.

டாங்கோவில் வித்தியாசம் பாட்டுக்குள் மட்டுமில்லை, இசைக்குழுக்களுக்கு நடுவிலும் உண்டு. இசைக்குழுத் தலைவர் ஹுவான் தாரியென்சோவை ‘தாளத்தின் அரசன்’ என்றே அழைத்தார்கள். கூர்மையான, வெட்டி வெட்டி விழும் பீட். கார்லோஸ் தி சார்லியில் வயலின்கள் நீளமாக இழுத்துக்கொண்டு போகும், கீழே பியானோ நடந்துகொண்டிருக்கும். ஒஸ்வால்தோ புக்லியேஸே வேகத்தையே இழுத்தும் விட்டும் விளையாடுவார். மூவருக்கும் வெறும் நடை மட்டும் நடந்து பாருங்கள். அலங்காரம் கூடாது, திருப்பம் கூடாது. தாரியென்சோவுக்குக் கால் சட்டென்று விழட்டும். தி சார்லிக்கு ஒரு ஸ்டெப்பிலிருந்து அடுத்ததற்கு எடை வழுக்கிக்கொண்டு போகட்டும். மூன்று நடைக்கும் உங்கள் வீடியோவில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் ஓச்சோ, ஹிரோ போன்ற திருப்பங்களையெல்லாம் சேர்த்தாலும் தெரியப் போவதில்லை. புக்லியேஸேயைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கக்காரர்களின் கால் அங்கே நட்டாற்றில் நிற்கும்.

## பிரேக் வந்து போன பிறகுதான் தெரிகிறது

எல்லோரும் ஏங்குவது இதற்குத்தான்: இசை சட்டென்று நிற்க, நாமும் நிற்க. முதல் முறை கேட்கிற பாட்டில் முதல் பிரேக்கைத் தவறவிடுவது குற்றமில்லை. இரண்டாவதையும் தவறவிட்டால்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் வந்த இடத்திலேயே அது மறுபடி வர வாய்ப்பு அதிகம்.

இடம் பிடிக்க எட்டுகளை எண்ணுங்கள். பெரும்பாலான நடனப் பாட்டுகளில் நான்கு எட்டு, அதாவது 32 பீட், ஒரு பத்தியாக நிற்கும். நான்காவது எட்டின் பின்பாதியில் ஏதாவது நடக்கும்: டிரம் உருளும், பாடகர் மூச்சு வாங்குவார், எல்லாம் நின்று போகும். நான்காவது எட்டில் புதிய டர்ன் எதையும் தொடங்காதீர்கள். பிரேக் வந்தால் பிடிக்கலாம், வராவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆறு பீட் பேட்டர்ன்களில் ஆடுகிற லிண்டி ஹாப், வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் ஆட்களுக்கு ஒரு கணக்கு கூடுதல். ஐந்து ஆறு முப்பதுதான், பத்தி 32-இல் முடிகிறது. தொடர்ந்து ஆறாகவே போனால் நீங்கள் பத்தியின் விளிம்பை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் கடப்பீர்கள். நான்கு ஆறும் ஓர் எட்டும் சேர்த்தால் சரியாக 32. அந்த எட்டை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். 12 பார் புளூஸில் மொத்தம் 48 பீட் என்பதால் எட்டு ஆறு அப்படியே பொருந்திவிடும். புளூஸ் பாட்டில் மட்டும் எல்லாம் தானாக அமைகிறதே என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான்.

பிரேக் தெரிந்தும் நிற்க முடியவில்லை என்றால் அது காலின் கோளாறு. ஓடிக்கொண்டே திடீரென்று நிற்க யாராலும் முடியாது. இரண்டு பீட் முன்னாலிருந்தே ஸ்டெப்பைச் சுருக்கி, இரண்டு பேரும் தத்தம் எடை மேல் நிற்கிற இடத்துக்கு வந்துவிடுங்கள். டர்னின் நடுவில் ஜோடியைக் கையால் நிறுத்தினால் அவர் தோள்தான் பிரேக்.

## இசைக்கு ஆடத் தொடங்கியதும் ஜோடி சிரமப்படுகிறார்

காது திறந்த புதிதில் கேட்கிற ஒவ்வொரு அடியையும் ஜோடியின் கையில் கொட்டிவிடத் தோன்றும். பியானோவுக்கு ஒரு குலுக்கல், மணிக்கு ஒரு தள்ளல். ஃபாலோ செய்பவருக்கு இது இசையாகப் போய்ச்சேராது, கலவரமாகத்தான் போய்ச்சேரும். அவர் வேறு வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு பத்திக்கு ஓர் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை உங்கள் சொந்தக் காலில், தோளில் ஆடிக்கொள்ளுங்கள்; பிடித்த கை மட்டும் அமைதியாக இருக்கட்டும்.

இதன் மறுபக்கம், ஃபாலோ செய்பவர் சொல்கிற “எனக்கு எதுவும் சேர்க்க இடமே கிடைப்பதில்லை”. லீட் செய்பவர் ஒரு பேட்டர்ன் முடியும் முன்பே அடுத்ததைத் திணிக்கிறார் என்று பொருள். வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங்கில் பேட்டர்னின் கடைசி இரண்டு பீட்டில் வருகிற, இடத்திலேயே நிலைகொள்ளும் ஆங்கரை முழுதாக விட்டுக்கொடுத்தாலே பாதிப் புகார் அடங்கும். ஃபாலோ செய்பவருக்கும் ஒரு வரம்பு உண்டு. நடுவில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், அடுத்த ‘ஒன்று’க்கு எடை சரியான காலில் வந்து சேர்ந்துவிட வேண்டும்.

## வகுப்பில் சரி, பெரிய கூடத்தில் மட்டும் தப்புகிறது

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி நின்றால் பீட் பத்தில் ஒரு நொடி தாமதமாக வரும். 200 பீட் வேகத்தில் அது ஒரு பீட்டில் மூன்றில் ஒரு பங்கு. தூரத்தில் ஒரு ஸ்பீக்கர், பக்கத்தில் ஒன்று என்றால் ஒரே பீட் இரண்டு முறை கேட்கும். மேடையில் வாசிப்பவரின் கையைக் கண்ணால் பார்த்து ஆடினால் குழப்பம் இன்னும் கூடும், கண்ணுக்கு முதலில் வந்துவிடுகிறதே. ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கமாகப் போங்கள், மேடையைப் பார்க்காதீர்கள். ஒலி சிதறிக் கேட்கிற கூடத்தில் பேஸை நம்பாமல் மணி, குயிரா போன்ற கூர்மையான ஒலிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

## பாட்டு முடிந்தும் ஆடிக்கொண்டிருக்கிறேன்

டாங்கோவில் இதற்குச் சாக்கே இல்லை. பெரும்பாலான பழைய டாங்கோக்கள் கடைசியில் ‘சான்… சான்’ என்று இரண்டு அடி அடித்து முடியும். முதல் ‘சான்’ காதில் விழும்போது இரண்டு காலும் ஜோடியும் ஒரே இடத்தில் இருந்தால் போதும். சல்சா சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டி முடிந்துவிடும். கோரஸ் பல முறை சுற்றி வந்தபின் எல்லா வாத்தியமும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினால் புதிய காம்பினேஷனைத் தொடங்காமல் அடிப்படை ஸ்டெப்புக்குத் திரும்பிவிடுங்கள். ஜோடியைச் சாய்த்துப் பிடித்து முடிக்க ஆசை என்றால் அவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், இடுப்பு வலி உள்ளவர்கள் அதைச் சொல்லிவிடுவார்கள்.